திரைக்குப் பின்பக்கத்து டிக்கெட்

போன வாரம் வயிறு சரியில்லை என்று வேலூர் பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடுக்காயை இடித்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை. பஸ்ஸிலேயே பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடுக்காய் என்றால் எல்லாருக்கும் பேதி மருந்துதான் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் சினிமா நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் பட்டை இடிக்கும் வேலை. ஷாப்பு என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பச்சைத் தோல் உப்போடு வந்து இறங்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ரோமம் போய், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரிலும் முங்கி எழுந்தால்தான் அதற்கு ஒரு மரியாதை. அந்தப் பட்டையையும் கடுக்காயையும் இடிப்பது பெண்கள் பாடு. இடித்து இடித்து உள்ளங்கை காவி நிறமாகிவிடும். எந்தச் சோப்புக்கும் மசியாது. எங்கள் கல்யாணத்துக்கு மருதாணிச் செலவு மிச்சம் என்று நாங்களே கேலி பேசிக்கொள்வோம். வாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்களுக்கு அது தெரியாது. தெருவில் எதிரே வருகிறவர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான், ஓகோ, நாம் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று தெரியும்.

பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு டெண்டு கொட்டகை வந்து இறங்கியது அந்த நாளில்தான். பேசாத படம். ஆற்று மணலையே கொண்டுவந்து கொட்டி அதுதான் தரை டிக்கெட் என்றார்கள். அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி. எங்களுக்கு இந்த மூன்றுமே கிடையாது. திரை கொட்டகையின் கோடியில் இல்லாமல் கொஞ்சம் முன்னால் தள்ளித் தொங்கும். அதற்குப் பின்பக்கம் மிஞ்சிய இடம்தான் எங்களுக்கு. ஆட்டம் தொடங்குமுன் திரையில் தண்ணீர் அடிப்பார்கள். துணி நனைந்தால்தான் படம் பின்பக்கமும் தெரியும். சோகக் கட்டம் வருவதற்கு முன்பே எங்கள்மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழும்.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில் தட்டியில் ஒரு பொந்து. உள்ளே இருப்பவனுக்கு நம் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். காவிக் கை நுழைந்தால், "பின்னாடி போ" என்று பின்பக்கத்து டிக்கெட்டை நீட்டுவான். பேர் கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை. கையைப் பார்த்தே ஜோசியம் சொல்கிற ஆளை நான் அங்கேதான் முதலில் கண்டேன்.

பின்பக்கம் உட்கார்ந்தால் வலது இடதாகிவிடும் அல்லவா? அது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ராஜகுமாரன் இடது கையால் வாள் சுழற்றினான், முனிவர் இடது கையால் ஆசீர்வாதம் செய்தார். நாங்களும் சரி, பம்பாய்ப் படம், அங்கே வழக்கம் அப்படி என்று இருந்துவிட்டோம். ஒரு படத்தில் கதாநாயகன் காதலிக்கு இடது கையால் சோறு பிசைந்து ஊட்டிவிட்டான். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர், "த்தூ, அசிங்கம்!" என்று எழுந்தே போய்விட்டார்கள். பம்பாய்க்காரனுக்கு மட்டும் பெண் கொடுக்கக் கூடாது என்று மறுநாள் உரலடியில் தீர்மானமே போட்டோம். கேட்டு வந்தவன் எவனும் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி எஸ்தரக்கா. என் பக்கத்து உரல். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கணீரென்ற குரல், மிஷன் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் படித்தவள். முன்பக்கம் ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். ஆர்மோனியமும் தபலாவும் போடுகிற போட்டில் அது எங்கள் பக்கம் வந்து சேராது. திரையில் வரும் எழுத்தோ எங்களுக்குத் தலைகீழ் இல்லை, பக்கம் மாறி நிற்கும். எஸ்தரக்கா விடவில்லை. வீட்டில் சிலேட்டில் எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிக் காட்டிப் பழகி, மாறிய எழுத்தையே படிக்கக் கற்றுக்கொண்டாள், எழுத்து மாறினால் கையும் மாறும் என்று மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை. அரைகுறைதான். படிக்க முடிந்ததைப் படிப்பாள், முடியாததைச் சொந்தமாகச் சேர்ப்பாள். அவள் கதைப்படி தங்கையாக இருந்தவள் மூன்றாவது ரீலில் மனைவியாகிவிட்டாள் ஒருமுறை. "இன்னாக்கா இது?" என்றால், "நடுவுல பிலிம் அறுந்துபோச்சு, நான் இன்னா பண்றது" என்பாள்.

படம் முடிந்ததும் தீர்ப்பு சொல்வாள். பச்சைத் தோலில் உப்பு சரியாக ஏறாவிட்டால் ஊர் வந்து சேருமுன் அழுகிவிடும். அந்தக் கணக்குதான் படத்துக்கும். "உப்பு ஏறியிருக்குடி" என்றால் அது நல்ல படம், இரண்டாம் தரம் பார்க்கலாம். "காலைல நாறிடும்" என்றால் முடிந்தது. சண்டைப் படம் எல்லாம் அவளுக்கு உப்பு. புராணப் படத்தில் கடவுள் வந்து காப்பாற்றுவது பிடிக்காது. "இவ்ளோ நேரம் எங்க போய்ட்டு இருந்தாரு?" என்று திரையைப் பார்த்தே கேட்பாள். எனக்கோ அழுகைப் படம்தான் பிடிக்கும். இதற்காக அவளோடு நான் சண்டை போட்டு உலக்கையைக் கீழே வைத்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாள் உண்டு.

ஆனால் எவ்வளவு சிரித்தாலும் அவளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பட்டை சலிக்கும்போது சொன்னாள். "எனக்கு ஒரே ஒரு தரம் முன்னாடி ஒக்காந்து பாக்கணும்டி. மணல்லயே போதும். நேரா, எல்லாரும் பாக்குற பக்கத்துலர்ந்து."

அதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. ஊரே அமர்க்களப்பட்டது. நாங்களும் வழக்கம்போலப் பொந்துக்குள் கை நீட்டினோம். கை அப்படியே திரும்பி வந்தது. விஷயம் இதுதான்: படம் பேச வேண்டுமென்றால் திரைக்குப் பின்னால் பெரிய ஒலிப்பெட்டி வைக்க வேண்டுமாம். பின்பக்கம் பெட்டிக்குப் போய்விட்டது. டெண்டு மேனேஜர் வெளியே வந்தார். பட்டணத்து ஆள், நயமாகப் பேசுவார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்களுக்குன்னு இருந்த எடத்துல பொட்டிய வெச்சுட்டோம். முன்னாடி விட்டா நாற்காலிக்காரங்க வாடை தாங்கலன்னு பேஜார் பண்றாங்க."

"பொட்டிக்கு எடம் குடுத்தீங்களே, அது டிக்கெட் வாங்கிச்சா?" என்றாள் எஸ்தரக்கா.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். எஸ்தரக்கா கொட்டகையின் ஓலைத் தட்டிக்கு வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பேசும்படமாயிற்றே, காதால் பார்க்கலாம்! அடுத்தடுத்த நாட்களும் வேலை விட்டதும் அங்கேதான். காதால் பார்த்தவரையில் என் அபிப்பிராயம் சொல்கிறேன்: பாட்டு ரொம்ப ஜாஸ்தி. அம்மா செத்தால் பாட்டு, மாடு தொலைந்தால் பாட்டு, பாட்டு முடிந்தது என்பதற்கும் ஒரு பாட்டு. பேச்சோ "பிராணநாதா" என்று ஆரம்பித்தால் மூச்சு வாங்கும்வரை நிற்காது. "இந்த மாதிரி பேசினா நம்ம மேஸ்திரி கூலி குடுப்பாரா?" என்று கேட்டாள் எஸ்தரக்கா. முக்கியமான இடத்தில் பட்டணம் போகும் ரயில் கூவிக்கொண்டு போய்விடும். கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள் என்பதை அந்த ரயில் எங்களுக்குக் கடைசிவரை தெரியவிடவில்லை.

ஒரு சாயங்காலம் உள்ளே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு வசனமும் இல்லை. ஏதோ பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. காதால் பார்க்கிறவர்களுக்கு அதில் பங்கு இல்லை. எஸ்தரக்கா எழுந்து புடவையைத் தட்டினாள். "போதும். நாளைக்கு உள்ள போறோம்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவள் ஸ்டேஷனடிப் பூக்காரி மங்கம்மா. அவள் கையில் மல்லிகை வாசம், பொந்துக்காரன் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்தான். வாசலில் நின்றவனுக்கு டிக்கெட் இருந்தால் போதும், மூக்கைப் பற்றிக் கவலை இல்லை. நாங்கள் ஐந்து பெண்கள் போய் மணலில் ஓரத்தில் இல்லை, நட்டநடுவில் உட்கார்ந்தோம்.

படம் தொடங்கியது. பேர் போட்டார்கள். எழுத்து நேராக நின்றதும் எஸ்தரக்கா திணறிப்போனாள், மாறிய எழுத்துக்கே பழகிய கண்! பிறகு கதாநாயகன் வந்து கையைத் தூக்கிக் கும்பிட்டு, வாளை உருவினான். எஸ்தரக்கா என் தொடையில் கிள்ளினாள். "அடியே, சோத்துக்கைடி!" என்றாள். அவனுக்கு வலது கை உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பம்பாய்க்காரர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

அந்தச் சத்தத்தில்தான் மாட்டிக்கொண்டோம். நாற்காலிப் பக்கமிருந்து, "யாருய்யா இவங்கள உள்ள விட்டது?" என்று ஒரு குரல். படம் நின்றது. விளக்குப் போட்டார்கள். மேனேஜர் மணலில் செருப்புப் புதையப் புதைய ஓடி வந்தார். இம்முறை சிரிப்பு இல்லை.

"எழுந்திரிங்க. துட்டு திருப்பித் தர்றேன்."

"துட்டு வாணாம். படம் பாக்க வந்தோம், பாத்துட்டு போறோம்."

"நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் படம் ஓடாது."

"ஓடலன்னா நாங்களும் இங்கதான் இருப்போம்" என்றாள் எஸ்தரக்கா. குரல் ஏறவே இல்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள், காவி நிறம் எல்லாருக்கும் தெரியட்டும் என்பது போல. நாங்களும் வைத்தோம்.

எங்களுக்காக ஒரு நல்ல மனிதர் எழுந்து நியாயம் பேசினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒருவரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெஞ்சிலிருந்து ஒருவன் விசில் அடித்தான். "படத்தப் போடுய்யா!" என்றான் இன்னொருவன். "அவங்க இருந்துட்டுப் போறாங்க, நீ போடுய்யா!" மணல், பெஞ்சு எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தது. எங்கள்மேல் அவர்களுக்குப் பாசமும் இல்லை, பரிதாபமும் இல்லை. கதாநாயகன் உருவிய வாள் அந்தரத்தில் நிற்கிறதே, அது என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். அந்த அவசரத்துக்கு முன்னால் வாடை நிற்கவில்லை. மேனேஜர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். நாற்காலியில் இருவர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

படம் நல்ல உப்பு. எஸ்தரக்கா அழுதாள். அழுகைக் கட்டம் ஒன்றும் அதில் இல்லை.

அதோடு முடிந்துவிட்டதா? மறுநாள் போனால் பொந்தில் டிக்கெட் கொடுத்தான், ஆனால் மணலின் குறுக்கே ஒரு தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மூலையில் நீங்கள், இந்தப் பக்கம் மற்றவர்கள் என்றார் மேனேஜர். எஸ்தரக்கா கயிற்றை ஒருமுறை பார்த்தாள். நேராகப் போய் அதன்மேலேயே உட்கார்ந்தாள். நாங்களும் வரிசையாக உட்கார்ந்தோம். கயிறு தொய்ந்து மணலில் படிந்தது. அடுத்த நாள் இழுத்துக் கட்டினார்கள், மறுபடி உட்கார்ந்தோம். ஷாப்பிலிருந்து வேறு பெண்களும் வரத் தொடங்கினார்கள். இழுத்துக் கட்டுகிறவனுக்குத்தான் முதலில் சலித்தது.

இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. டெண்டு போய்விட்டது, தகரக் குழாயில் கதை சொன்னவர் போய்விட்டார், படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஜனங்களும் போய்விட்டார்கள். எஸ்தரக்கா கோலாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். எந்தப் படம் முடிந்தாலும், உப்பு ஏறியிருக்கிறதா என்று கேட்க இப்போது ஆளில்லை. இவையெல்லாம் தாமாகவே போயின. நம்மால் தடுக்க முடியவில்லை. அந்தக் கயிறு மட்டும் அப்படித் தானாகப் போகவில்லை. அது மணலுக்குள் மக்கிப் போகும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தோம்.