பீரங்கிக்கு வெந்நீர்

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் பீரங்கி வெடிக்கும் உரிமை மாமா வீட்டுக்கு; வருடம் முழுக்க அதை வைத்துக் காப்பது எங்கள் வீட்டுக்கு. இப்படிப் பிரித்த புண்ணியவானுக்கு என் அப்பாவையும் மாமாவையும் தெரிந்திருக்காது. வெடித்து முடித்த பீரங்கியைக் கழுவ இரண்டு வீட்டு ஆளும் வேண்டும். அதுவும் அன்றைக்கே கழுவியாக வேண்டும். உள்ளே தார் போல ஒட்டியிருக்கும் மருந்துக்கரி, ஏற்காட்டு மூடுபனியில் ஓர் இரவு ஊறினால் இரும்பை அரித்துவிடும்.

அந்த வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை. தம்பிக்குக் காது குத்திய அன்று, சீர்த்துணி எடுக்கச் சேலம் போன மாமாவின் பஸ் குப்பனூரில் படுத்துவிட்டது. நல்ல நேரம் தப்புகிறதென்று அப்பா, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையைப் பங்காளி ஒருவர் மடியில் உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். தாமதமாக வந்த மாமா துணிப்பையை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது. காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கம்தான் அந்த வீடு. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆனாலும் பீரங்கி கழுவிய அன்று எனக்குக் கொண்டாட்டம்தான். எட்டு வயதில் இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே தூது போகும் வேலை யாருக்குக் கிடைக்கும்? முதலில் ஈரச் சாக்கைக் கம்பில் சுற்றி உள்ளே விட்டு, தணல் இல்லையென்று பார்த்தார்கள். அடுத்து, திரி வைக்கும் பின்துளையை மாமா ஈரத்துணியால் அடைத்துப் பிடிக்க, அப்பா வாய்வழியே கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும். இருவருக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை.

"அடைச்சாச்சு சாமி, உங்கப்பாவ ஊத்தச் சொல்லு."

"ஊத்தச் சொல்றாருங்கப்பா."

"உங்க மாமன கொஞ்சம் சாய்ச்சுப் புடிக்கச் சொல்லு கண்ணு."

அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் கொட்டியது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டே தூது சொன்னேன்.

இரண்டாம் தவலை கொதித்ததும் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "கண்ணு, உள்ள வந்து இந்தத் தொவரையில கல்லுப் பொறுக்கு."

முறத்தில் கல்லே இல்லை. சொன்னாலும் கேட்காமல் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

இல்லாத கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே மாமா அலறினார். "மாப்ளே, நிறுத்துங்க! காலு வெந்துபோச்சு!" அவர் துளையை அடைக்கும் முன்பே அப்பா ஊற்றியிருக்கிறார்.

"ஐயோ மச்சான், அடைச்சிட்டீங்கன்னு நெனச்சனுங்க!"

"ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

"பஸ்சு படுத்துக்கிச்சுன்னு அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

வெந்நீரில் தொடங்கிய சண்டை குப்பனூர் வரைக்கும் போய், மடியில் வந்து நின்று, இரைந்து இரைந்து ஓய்ந்தது. கடைசியில் அப்பாவின் குரல் தணிந்து கேட்டது. "தப்புதானுங்க மச்சான். நான் பொறுத்திருக்கோணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவின் காலுக்குத் தேங்காயெண்ணெய் எடுத்துப் போனாள். பீரங்கிக்கு விளக்கெண்ணெய் பூசி முடிந்ததும் எல்லோரும் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம்.

நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். என் வேலை போய்விட்டதே. "நீ என்னைய உள்ள கூப்பிட்டதாலதான் மாமாவுக்குக் காலு வெந்துச்சு" என்றேன்.

அம்மா சிரித்தாள். "ஆமாங்கண்ணு. நீ அங்க இருந்திருந்தா வெந்திருக்காது."

தப்பை ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு ஒரே திருப்தி. பெரிய மனது பண்ணி அம்மாவை மன்னித்துவிட்டேன்.