ஊட்டிப் பனியும் எங்கள் வண்டிக் குழாயும்

என் அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று பத்து வயது வரை நம்பியிருந்தேன். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். பஸ்ஸில் எங்கே போனாலும், அது திருச்சியோ மதுரையோ, அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. நானும் அப்பாவும் ஊருக்கு ஊர் மோரும் சர்பத்துமாகக் குடித்துத் தள்ளுவோம். அம்மா ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்து, "எனக்கு வேணாம், நீங்க குடிங்க" என்பாள். அதைவிடத் தூரம் என்றால் வரவே மாட்டாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வளைகுடாவில் பைப் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். வந்ததும் ஒரு பழைய வேனை வாங்கிப் பட்டுக்கோட்டைப் பட்டறை ஒன்றில் போட்டு, அதற்குள் ஒரு வீட்டையே கட்டினார். படுக்க இரண்டு பலகை, அடுப்பு மேடை, கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் தாழ்ப்பாள் போட்ட சின்னக் கழிப்பறை.

"மாப்ளே, இது வண்டியா, சக்கரம் வச்ச பம்புசெட்டா?" என்றார் அப்பா.

அம்மா அடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்து மூடினாள். வெளியே வந்து, "இதுல தண்ணி நிக்காம வந்தா நானும் வர்றேன். நின்னுச்சோ, அன்னிக்கே வண்டியத் திருப்பிடணும். அப்புறம் என்னை எங்கயும் கூப்பிடக் கூடாது" என்றாள். அம்மா இவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அரையாண்டு விடுமுறையில் ஊட்டிக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றில் திறந்த தண்ணீர் எல்லா ஊர் வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும்; சில வருடம் வராது. அதனால் எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைக் கண்டால் பிடிக்காமல் விடமாட்டார்கள். வீட்டில் கழுத்து வரை நிரப்பிய தொட்டியை அப்பா வழியில் குழாய் கண்ட இடமெல்லாம் நிறுத்தி மறுபடி நிரப்பினார். மேட்டுப்பாளையத்தில் தொட்டி வழிந்து கண்ணாடியில் ஓடியபோதுதான் திருப்தி அடைந்தார்.

சாயங்காலம் ஏரிக்கு மேலே வண்டிகள் நிற்கும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே டீ விற்றவர் குனிந்து எங்கள் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்.

"குழாய் ஓடுதே. தண்ணி இருக்குங்களா?"

"நெறைய இருக்கு" என்றார் அப்பா பெருமையாக.

"அப்ப காலைல வெடிச்சிருக்குமுங்க. இன்னிக்கு உறைபனி இறங்கும்."

அப்பா சிரித்தார். "உறைஞ்சா சும்மா கெட்டியா கெடக்கும். வெயில் வந்தா உருகிடும். அது எதுக்கு வெடிக்குது?"

"அப்பா, நீங்க ஃப்ரீசர்ல வச்ச சோடா பாட்டில்?" என்றேன்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். அந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கியது அவர்தான்.

மாமா வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. பாலைவனத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரிந்த எதிரி வெயில் ஒன்றுதான். குழாய்களுக்கு வெள்ளை வர்ணமெல்லாம் அடித்திருந்தார். ஆனால் அவை வண்டித் தரைக்கு அடியில் தாழ்ந்து ஓடிப் பிறகு மேலேறின. மேலே எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்தத் தாழ்ந்த நீளத்தில் தண்ணீர் நிற்கும்.

"அத்தான், முழுசா வெளியேத்தணும். ஆனா வெளியேத்த வழி வைக்கலை."

"ஏன்டா மாப்ளே, வடிகால் இல்லாம எவன்டா வயல் போடுவான்?"

"இது வயலா அத்தான்?"

"பின்ன? மேல மடை, கீழ வடிகால். இதுகூடத் தெரியாம என்னத்த ஃபிட்டரு!"

அம்மா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லக்கா, இப்ப முடிஞ்சிடும்" என்றார் மாமா. "நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள் அம்மா. மாமா மேலும் பயந்துபோனார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, நடவுக்கு முன் வயலில் மட்டம் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தச் சொன்னார். இப்போது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குழாய் வளையும் முழங்கை இணைப்புதான் எல்லாவற்றிலும் தாழ்ந்த இடம். இன்று குழாய்களுக்கு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. எந்த வரைபடம் வந்தாலும் முதலில் வடிகாலைத்தான் தேடுகிறேன். அந்தச் சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சாதாரண ஆள் இல்லை என்பது மட்டும்தான்.

மாமா இணைப்பைத் தளர்த்தினார். தண்ணீர் பீறிட்டது.

"நிறுத்துடா! தரையிலயா விடுறே?"

"வேற எங்க அத்தான் விடுறது?"

கடைமடைக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பால் கேன், குடம், வாளி, இட்லிப் பானை, கடைசியில் பிரஷர் குக்கர் வரை ஒவ்வொன்றாகப் பிடித்து நிரப்பி, மூடி போட்டு வண்டிக்குள் ஏற்றினார். "ஏங்க, படுக்க இடம் எங்க?" என்றாள் அம்மா. "குடத்தை அணைச்சிட்டுப் படு" என்றார் அப்பா.

கழிப்பறைக்குக் கீழே இருந்த வளைவில் மட்டும் தண்ணீர் நின்றே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் ஏறும் என்றார் மாமா. உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது என்று அறிவியல் பாடத்தில் படித்ததை நான் சொன்னேன். அம்மா சமையல் டப்பாவைத் திறந்து கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டினாள். சாம்பாருக்கு இல்லாமல் போய்விடும் என்று அப்பா முனகியதை அவள் கேட்கவே இல்லை.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் இருந்தது. மைதானத்தின் பொதுக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. சுவரை ஒட்டி ஓடிய குழாய் உறைந்துவிட்டது. காவலாளி அதைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சுற்றுலா பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கழிப்பறைக் கதவையே பார்த்து நின்றார்கள்.

மாமா இணைப்பை முறுக்கினார். அப்பா கூரையில் ஏறி நின்றுகொண்டார். நான் குடத்தை நகர்த்த, மாமா தூக்கிக் கொடுக்க, அப்பா தொட்டியில் கவிழ்த்தார். மாமா உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். முதலில் ஒரு இருமல். பிறகு கொஞ்சம் காற்று. பிறகு தண்ணீர்!

"வருதுக்கா! வருது!"

"வராம? கடைமடைத் தண்ணிடா!" என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வந்ததும் அந்தப் பெண்களைப் பார்த்தாள். உறைபனியில் ஹவாய் செருப்போடு நடந்துபோய், "வாங்க, எங்க வண்டில தண்ணி வருது. ஒருத்தர் ஒருத்தரா வாங்க, கூச்சப்படாதீங்க" என்றாள்.

எங்கள் வண்டி வாசலில் வரிசை சேர்ந்தது. அப்பா மிச்சமிருந்த கேன்களையும் குக்கரையும் வெற்றிக் களிப்போடு கவிழ்த்துக்கொண்டே இருந்தார். மாமா புதுமாப்பிள்ளைபோல் நின்றார். நான் வாசலில் நின்று, மேல மடை, கீழ வடிகால், வளைவில் உப்பு என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு பெண் மட்டும் வெளியே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எங்கள் குழாயின் பெருமை இவளுக்காவது புரிந்ததே என்று நினைத்தேன்.

மலையிறங்கும்போது ஒரு கடையில் நிறுத்தினோம். அம்மா டீ குடித்தாள். பிறகு தண்ணீர்ச் சொம்பை வாங்கி அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்து முடித்து, "இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

"அம்மா, உனக்குத் தாகம் எடுக்குமா?"

அம்மா சிரித்தாள். "ஊட்டில எடுக்குதுடி." மாமா என்னவோ சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்ததும், குளிர் ஊரில் தாகம் அதிகம் எடுக்கும் என்ற என் கண்டுபிடிப்பை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அம்மாவை உதாரணம் காட்டினேன். டீச்சர், "வண்டியில கழிப்பறை இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தாகத்தைப் பற்றிச் சொன்னால் இவர் எதற்குக் கழிப்பறையைக் கேட்கிறார் என்று அந்தப் பாடவேளை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.