கையில் இருந்த ஆட்டின் ஏழு

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். அங்கே நர்சாக இருந்தவரை எல்லாரையும் போல நானும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். ராசிபுரம் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டுக் கீழே இறங்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் தனியாகவே இருந்தார். எனக்கும் வேலை முடிந்துபோனாலும் தினமும் ஒரு நடை அங்கே போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் நடக்கும். சிஸ்டர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், வாத்தியார் வீட்டம்மா, தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர். ஆபீஸ்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. மூன்று பேரை வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் ஆட முடியாது. நான் டீ கொண்டுபோய் வைத்தபோது சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ உக்காரு புள்ள."

"ஐயோ, நான் அஞ்சாவதோட சரிங்க சிஸ்டர்."

"சீட்டுக்கு என்னத்துக்குப் படிப்பு? பதிமூணு வரைக்கும் எண்ணுவியில்ல?"

எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, ஜெயித்தவர் அள்ளுவது ஒரு பிடி. எத்தனை பிடி பிடிப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டையெல்லாம் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, அவர் சொல்லுகிற சீட்டை எடுத்துப் போடுவதோடு சரி. அவருக்கு டம்மி என்று பெயர். எனக்கு அந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது டம்மியாக இருப்பதுதான். நாலு பேர் பார்க்க வாயைத் திறப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே முடியாத காரியம்.

அப்போது விளையாட்டு விளையாட்டாகத்தான் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே ஆடுவோம். போட்ட சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிஸ்டர் ஒரே ஆட்டத்தில் நாலு தடவை, "துருப்பு என்ன சொன்னீங்க?" என்று கேட்பார்.

"ஸ்பேடுங்க சிஸ்டர். போன தடவை கேட்டப்பவும் அதேதாங்க" என்பார் வாத்தியார் வீட்டம்மா. சிரிப்போம். சிஸ்டர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அது மறதி என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் சிஸ்டர் அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். வாழவந்தி நாட்டுப் பஸ்ஸில் ஏறி, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினார். யாரோ போன் செய்து சொல்ல, கோயமுத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தார். நல்ல பிள்ளைதான்.

"அத்தை, என்கூட வந்துடுங்க. தனியா இருக்கிறது இனி ஆகாது."

"எனக்கென்னடா கேடு? சேலத்துல பிரிட்ஜ் போட்டி வெக்கிறாங்க. நானும் இவளும் ஆடப்போறோம். நீ வந்து பக்கத்துல உக்காந்து பாரு. மூளை கெட்டவ ஆடற ஆட்டமா அது?"

அண்ணன் மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரிங்க அத்தை. நீங்க நல்லா ஆடிட்டீங்கன்னா நான் வாயே திறக்கல. இல்லைன்னா நீங்க வாயே திறக்காம என்கூட கெளம்பிடணும்."

"பேச்சு மாறாத" என்றார் சிஸ்டர்.

இரண்டு மாதம் வாத்தியார் எங்களைப் பழக்கினார். கிழங்குத் தட்டு மேசையை விட்டுப் போனது. பேச்சும் போனது. போட்டியில் ஏலத்தைக்கூட வாயால் கேட்கக் கூடாதாம். அதற்கென்று தனி அட்டைகள் உண்டு, எடுத்து வைக்க வேண்டும். போட்ட சீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. ஸ்பேடு, கிளாவர், டைமண்ட், இதயம் போட்ட ஆட்டின் என்று ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை விழுந்தது, யாரிடம் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை எனக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் சீட்டு மனசில் ஓடும். சிஸ்டருக்கு அது பிடிபடவில்லை. முதலில் விழுந்த நிறம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும்; அவரோ ஆட்டின் விழுந்தால், கையில் ஆட்டின் இருக்கும்போதே வேறு நிறத்தை இறக்குவார்.

ஒருநாள் அவர் உள்ளே போயிருந்தபோது வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "டம்மிக்குப் பேச அனுமதி இல்லீங்க. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கலாம். ஆடறவங்க நிறம் மாத்திப் போட்டா, அந்த நிறம் உங்ககிட்ட இல்லையான்னு கேக்கலாம். அதுக்குச் சட்டமே இடம் குடுக்குது. நீங்க கேட்டா அவங்க சீட்டை மாத்திக்கலாம். தப்பு இல்ல. சிஸ்டருக்கு நீங்கதான் கேக்கணும்."

மலை இறங்கும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சேலத்தில் பெரிய கூடம். முப்பது மேசைக்கு மேல் இருக்கும். இங்கிலீஷ் பேசுகிற ஆண்களும், கண்ணாடி போட்ட பெண்களும். அண்ணன் மகன் சொன்னபடியே வந்து சிஸ்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் ஆட்டத்தைச் சிஸ்டர் அழகாக முடித்தார். அடுத்த ஆட்டத்தில் நான் டம்மி. அவர் ஒரு ராணியை வைத்து ராஜாவை வெளியே இழுத்த சந்தோஷத்தில், "நல்லாப் போட்டீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். எதிராளி ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மா, ஆட்டம் நடக்கிறப்ப பேசக்கூடாது. இது வீடு இல்ல" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள். என் காதெல்லாம் சுட்டது.

மத்தியானம் வரை நன்றாகவே போனது. அண்ணன் மகன்கூட, "பரவாயில்லையே அத்தை" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஆட்டம். சிஸ்டர் ஏலம் எடுத்தார், நான் டம்மி. சொன்ன பிடிக்கு ஒன்று குறைந்தாலும் தோல்வி. பாதி ஆட்டத்தில் எதிராளி இருவரிடமும் ஆட்டின் தீர்ந்தது தெரிந்துவிட்டது. வெளியே வராத ஆட்டின் இரண்டுதான். ஆசு என் முன்னால் மேசையில் கிடந்தது. ஏழு சிஸ்டர் கையில் இருந்தாக வேண்டும். நான் இரண்டு முறை எண்ணிவிட்டேன். சிஸ்டர் அந்த ஆசுச் சீட்டைப் போடச் சொன்னார், போட்டேன். தன் கையிலிருந்து ஒரு கிளாவரை இறக்கினார்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். வாக்கியம் நாக்கு வரை வந்தது. எதிராளி ஒருவர் தற்செயலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், மேசையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அதற்குள் சிஸ்டர் அடுத்த சீட்டைப் போட்டுவிட்டார். இனி மாற்ற முடியாது.

கடைசியில் அந்த ஏழு வெளியே வந்தது. எதிராளி கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் புத்தகத்தைப் பிரித்துப் படித்து, எங்களிடமிருந்து ஒரு பிடியை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார். அந்த ஒரு பிடியில் தோற்றோம். தோற்றதுகூடப் பெரிதில்லை. சிஸ்டர் அந்த ஆட்டின் ஏழைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுது இல்லீங்க. என்கிட்ட இது இல்லவே இல்ல. யாரு வெச்சது?"

நடுவர் பதில் சொன்னார். சிஸ்டர் திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அண்ணன் மகன் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "போதுங்க அத்தை, போலாம்."

அடுத்த வாரமே கார் வந்தது. வாத்தியாரும் வீட்டம்மாவும் பாத்திரங்களைக் கட்டிக்கொடுத்தார்கள். சிஸ்டர் காரில் உட்கார்ந்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நெசத்தைச் சொல்லு புள்ள. அந்த ஏழு என்கிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலீங்க சிஸ்டர். நானும் எண்ணல."

அவர் முகம் தெளிந்தது. முன்சீட்டைப் பார்த்து, "கேட்டியாடா? இவளுக்கும் தெரியலையாம். இவ எவ்வளவு நல்லா ஆடறா! இவளுக்கே தெரியலைன்னா எனக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சுன்னு கூட்டிட்டுப் போற?" என்றார்.

வீட்டைப் பூட்டிய சாவி அண்ணன் மகன் சட்டைப்பையில் இருந்தது. கீழே இறங்கிப் பின்னால் வந்து, அத்தைக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார். வெளியே தொங்கிய சேலைத் தலைப்பை நான் எடுத்துச் சிஸ்டர் மடியில் வைத்தேன். கதவைச் சாத்தினார்கள்.