சூசை வரைந்த லயம்

போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசி அடித்தபோது, சூசைநாதனைத் திட்டுவதற்குத் தயாராகத்தான் எடுத்தேன். சனிக்கிழமையே தருகிறேன் என்று சொன்ன வடிகால் வரைபடம் இன்னும் என் மேசைக்கு வரவில்லை. மறுமுனையில் அவன் தங்கை ரோசலின். “அண்ணே, அண்ணன் காலையில எழுந்திரிக்கலண்ணே” என்றாள். இதயம் என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை அவனுக்கு. திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

இந்த அஞ்சலிக் குறிப்பை ‘அவர்’ போட்டு எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. அவனைத் தெரிந்த நீங்களும் படித்துவிட்டு, “யாருலா இந்த அவர்?” என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

கோலாலம்பூரில் நாங்கள் இருவரும் நகரமைப்பு படித்தோம். எழுபதுகளின் நடுவில் டென்மார்க்கோடு மாணவர் பரிமாற்றம் ஒன்று வந்தது. இருந்தது ஒரே இடம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். நல்ல நகரம் எது என்று நேர்காணலில் கேட்டார்கள். நான் சாலை அகலத்தையும் நிலப் பயன்பாட்டையும் ஒப்பித்தேன். சூசையோ, வேலைக்குப் போகிற மனிதன் சட்டை நனையாமல் போய்ச் சேர்ந்தால் அது நல்ல நகரம் என்றானாம். அவனை அனுப்பினார்கள். ஆறு மாதம் அவனோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவன் டென்மார்க்கில் இருந்ததால் அது சுலபமாகவே இருந்தது.

அங்கே ஒவ்வொரு மாணவரும் தான் வளர்ந்த இடத்தை வரைந்து, வாழ்வதற்கு அது எப்படி என்று விளக்க வேண்டும். சூசை, செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தான் பிறந்த லயத்தை, அதாவது தொழிலாளர் குடியிருப்பை, வரைந்தான். வண்டி வராத தெரு, திறந்தே கிடக்கும் கதவுகள், வாசலில் விளையாடும் பிள்ளைகள், நடக்கிற தூரத்தில் வேலை, பள்ளிக்கூடம், மாதா கோயில், மாரியம்மன் கோயில். பேராசிரியர்கள் சொக்கிப்போய் அதைச் சுவரில் மாட்டினார்கள். வண்டி வராததற்குக் காரணம் யாரிடமும் வண்டி இல்லாதது. கதவு திறந்திருந்ததற்குக் காரணம் உள்ளே புழுக்கம் தாங்காதது. இருபது வீட்டுக்கு ஒரே குழாய், ஒழுகும் கூரை, சரிவில் இருந்த கக்கூஸ் எதுவும் படத்தில் இல்லை. திரும்பி வந்ததும் ஏன் என்று கேட்டேன். “தாளுல எடம் பத்தலடா” என்றான்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கிர்ஸ்தன் என்ற மாணவி பரிமாற்றத்தின் மறுபாதியாக இங்கே வந்தாள். அதற்குள் நாங்கள் இருவரும் ஈப்போவில் ஒரே திட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். சூசையின் தோட்டம் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்திருந்தது. லயத்துக் குடும்பங்களுக்குக் குனோங் ராபாட்டில் வரிசை வீடு கட்டிக் கொடுப்பதா, லயத்தையே ஒட்டுப்போட்டு விட்டுவிடுவதா என்று மாதக் கடைசியில் ஒரு குழு முடிவெடுக்க இருந்தது. கிர்ஸ்தனின் அறிக்கையையும் கோப்பில் சேர்க்கச் சொன்னார் எங்கள் மேலதிகாரி. வெள்ளைக்காரி எழுதினால் குழு மறுபேச்சு பேசாது என்பது அவர் கணக்கு.

கிர்ஸ்தன் சூசையின் அம்மா ஞானம்மா வீட்டில் தங்கினாள். நான் மொழிபெயர்ப்புக்காகத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். லயமே கல்யாண வீடாகியிருந்தது. அவள் எழுவதற்குள் குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். வேளைக்கு ஒரு வீட்டில் கோழிக்கறி. கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடித்து, அவளுக்கென்று ஒன்றைப் பூட்டியே வைத்திருந்தார்கள். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போனார்கள். ஒரு வாரம் முடிந்ததும் அவள் எங்களிடம் அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டினாள். இந்த மக்களை இங்கிருந்து அசைக்கவே கூடாது என்று எழுதியிருந்தாள். அது குழுவுக்குப் போனால் புது வீடு கிடையாது என்று சூசைக்குப் புரிந்துவிட்டது.

அன்று அவன் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒரே ஒரு நாள் அவளைக் கஷ்டப்பட விடுங்கள் என்று கெஞ்சினான். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா வழக்கம்போல வெந்நீரோடு நின்றார். “வீடு முக்கியந்தான் தம்பி. அதுக்காக வந்த புள்ளய தண்ணி தூக்க விட்டா நாம என்னா மனுசங்க?” என்று கேட்டார். சூசை கோபமாகப் போய்விட்டான். பின்னாலேயே போய்ப் பார்த்தால், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிர்ஸ்தனின் கக்கூஸைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “பழக்கம்டா” என்றான். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. குழு கூட இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அவள் விருந்தாளியாக இருக்கிறவரை எதுவும் நடக்காது என்று கடைசியில் அவனுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், லயத்துக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் ஞானம்மா தன் கண்ணாடி வளையல்களைக் கிர்ஸ்தனின் கையில் போட்டு, இவள் இனிமேல் என் மூத்த மகள் என்று அறிவித்தார். நான் மொழிபெயர்த்தேன். அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். பாவம், அந்த வீட்டில் மூத்த மகளுக்கு என்னென்ன வேலை என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கருக்கலிலேயே ஞானம்மா அவளை உலுக்கி எழுப்பி இரண்டு வாளிகளைக் கொடுத்தார். ஒரு வாரமாக அவளுக்குத் தண்ணீர் சுமந்த அதே பாப்பாத்தி அக்கா, குழாயடியில் அவள் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். வரிசையின் நடுவில் புகுந்தால் மகளுக்கும் அதே மரியாதைதான். இரண்டாம் நாள் அவள் தோள் வீங்கியது. மூன்றாம் நாள் பொதுக் கக்கூஸ் கழுவும் முறை அவளுக்கு வந்தது. மாலையில் பெய்த மழையில் கூரை ஒழுகி அறிக்கை முழுவதும் ஊறிப்போனது. அவள் அதைக் கிழித்து அடுப்பில் போடப் பார்த்தாள். ஈரமாக இருந்ததால் அதுவும் எரியவில்லை.

அப்போதுதான் அவள் சூசையிடம், இதையெல்லாம் டென்மார்க்கில் ஏன் வரையவில்லை என்று கேட்டாள். இந்த முறை அவன் தாளைக் குறை சொல்லவில்லை. “எங்கம்மா இருக்குற எடத்த அடுத்தவங்க முன்னால கேவலமா சொல்ல எனக்கு வாய் வரல” என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். “இப்போது நான் மகள்தானே? நான் சொல்லலாமா?” என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவள் சொன்னாள். குழுவின் முன் வளையல் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீர் வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். வீடுகள் கிடைக்க அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஆயின. ஆனால் கிடைத்தன.

சூசையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, ஞானம்மா குனோங் ராபாட் வீட்டுக்குக் குடிவந்த அந்தக் காலையைத்தான். சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டு அவன் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். வாளி நிரம்பியது, வழிந்தது, அவன் மூடவில்லை. நகரமைப்பு படித்தவனுக்குத் தண்ணீர் வீணாவது தெரியவில்லையா என்று கேட்டேன்.

“இவ்வளவு வருசமா எங்கம்மா தூக்குன தண்ணிடா. கொஞ்ச நேரம் தானா வரட்டும்” என்றான்.

வழிந்த தண்ணீர் கூடத்தை எட்டி, ஞானம்மா ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டும்வரை, அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.