தோல் வைத்து அளந்தவன்

ஆம்பூர் பைபாஸில் 'ராமமூர்த்தி ஆட்டோ ஸ்பேர்ஸ்' என்று போர்டு தொங்கும் என் கடைக்கு நேர் எதிரே இருதயராஜின் ஷெட். பேச்சுத்துணை தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. மூன்று கேள்வி கேட்டால் அரை பதில் வரும். எனக்கோ வாய் ஓயாது. அப்படிப்பட்டவனோடு போய் ஒன்பது வருடமாகத் தினமும் டீ குடித்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் டேனரியில் ஷேவிங் மெஷினில் நின்றவன். தோலைக் கடுகளவு கூடக் குறைய இல்லாமல் ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளுகிற வேலை. டேனரியை மூடியதும் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பழைய மில்லிங் மெஷினை வாங்கிவந்து போட்டான். தோலைச் சீவியவன் பைக் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைச் சீவ ஆரம்பித்தான். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவை. ஹெட்டின் அடிப்பக்கத்தைத் துளி இழைத்தெடுத்தால் உள்ளே பெட்ரோலும் காற்றும் நசுங்குகிற இடம் சுருங்கும், கம்ப்ரஷன் ஏறும், வண்டி பிய்த்துக்கொண்டு போகும். ஜாஸ்தி இழைத்துவிட்டால் வால்வு இறங்கும்போது பிஸ்டனில் இடிக்கும். அத்தோடு இன்ஜின் காலி. பறக்கிற வேகத்தில் இடித்தால் ஓட்டுகிறவனும் காலி.

மனைவி ஆக்னஸ் இறந்துபோய் நான்கு வருடம். மகள் ஃபீபி அயர்லாந்தில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போனில் பேசுவாள். மற்றபடி உசாமா வந்தால்தான் அவன் முகத்தில் சிரிப்பு. உசாமா ஷூ கம்பெனி சூப்பர்வைசர், முப்பத்தைந்து வயது, வீட்டுக்குத் தெரியாமல் டிராக் ரேஸ் ஓட்டுகிறவன். ஞாயிறு காலை இருதயராஜ் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது உசாமா பிரியாணிப் பொட்டலத்தோடு ஷெட் வாசலில் நிற்பான். சாயங்காலம் வரை இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருவரும் பேசுவார்கள். என்னோடு பேசாத பேச்செல்லாம் அங்கே வரும். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

சென்ற ஆடி மாதம் சென்னைப் பக்கம் ஒரு ரேஸ். உசாமாவின் ஹெட்டை இழைத்து முடித்தாயிற்று. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டை மூடி, இன்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளப்பது வழக்கம். அன்று மத்தியானம் பார்த்தால் களிமண் காய்ந்து கிடந்தது. ஆம்பூரில் தோல் துண்டுக்கா பஞ்சம்? மெத்தென்ற தோலில் ஒரு துண்டைப் பிஸ்டன் மேல் ஒட்டி, ஹெட்டை மூடிச் சுற்றினான். எடுத்து, தோல் அளக்கிற கேஜிலேயே வைத்துப் பார்த்தான். ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர். தாராளம் என்று ஹெட்டை முடுக்கிக் கொடுத்துவிட்டான். உசாமா வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போனபோது அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. கேஜில் வைத்துக் காட்டினான். ஒன்று புள்ளி ஒன்பது. மேஜை மேல் சும்மா கிடந்த துண்டு மத்தியானத்தைவிடத் தடித்திருந்தது. நசுக்கிய தோல் மெல்ல எழும்பும். அப்படியானால் மத்தியானம் அளக்கும்போதே அது பாதி எழும்பித்தான் இருந்திருக்கிறது. உள்ளே உண்மையில் இருக்கிற இடம் எவ்வளவு கம்மியோ, யார் கண்டது? தோலோடு புரண்ட மனுஷனுக்கு இது மறக்குமா? மறந்துவிட்டதே.

வேறு ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்திவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் யோசனை சொன்னேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்தான்.

"உசாமா, வண்டிய ஓட்டாத. தப்பு என்மேல. தோல் வெச்சி அளந்துட்டேன்."

உசாமா வாலாஜா டோல்கேட்டிலிருந்து திரும்பிவிட்டான். மறுநாள் பிரித்து, புதுக் களிமண் வைத்துப் பார்த்தார்கள். அரை மில்லிமீட்டர்தான். ஓட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். கைவிட்டுப் போன ரேஸைப் பற்றி உசாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியாணியைப் பிரித்து முதலில் இவன் தட்டில் வைத்தான்.

இதைப் பார்த்தபிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? கடைக்கு வந்த மெக்கானிக்குகளிடமெல்லாம் சொன்னேன். யாரும் கேட்காமலே தன் தப்பை ஒத்துக்கொண்டான், அப்படி ஒருத்தனைக் காட்டு பார்ப்போம் என்று மார்தட்டினேன். கேட்டவர்கள் காதில் பாதிதான் ஏறியது. தோல் வைத்தா அளந்தான் என்று வாணியம்பாடியில் சிரித்தார்கள், குடியாத்தத்தில் சிரித்தார்கள். இரண்டே மாதத்தில் ஹெட் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்கள்.

வேலை போனதைக்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். விஷயம் தெரிந்தது உசாமாவுக்கும் எனக்கும் மட்டும். கூட இருந்து டீ குடிக்கிற என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. உசாமாதான் பரப்பினான் என்று முடிவு கட்டிவிட்டான். போன் வந்தால் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிக்கொண்டான். உசாமா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து, ராஜண்ணனுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று கேட்டான். தெரியாது என்றேன். கூசாமல் சொன்னேன். ஐந்து ஞாயிறு இப்படியே போயிற்று. பூட்டிய ஷட்டருக்குள் அவன் தனியாக என்னதான் செய்தானோ, ஒரு சத்தம் வராது.

போன வாரம் டீ குடித்துக்கொண்டிருக்கையில் மேஜை மேல் போன் அடித்தது. உசாமாதான். ராஜு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆக்னஸ் போனப்ப மூணு நாளு இவன்தான் என்கூட படுத்திருந்தான், மூர்த்தி" என்றான். "இவனே இப்டி பண்ணிட்டா நான் யார்கிட்ட போவேன்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"உசாமா இல்ல, ராஜு. நான்தான் சொன்னேன். பெருமையாதான் சொன்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. டீ கிளாஸை வைத்தான். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். தம்பி, தம்பி என்று அவன் குரல் உடைவது கேட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. எதிரே ஷட்டர் முழுசாக ஏறியிருக்கிறது. இருவரும் சிரிப்பது ரோட்டைத் தாண்டி வருகிறது. டீக்கடைக்காரர் என் கிளாஸை இங்கேயே கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். அங்கே இரண்டு போதும் என்று ராஜு சொல்லிவிட்டானாம்.