ஊரைவிட்டுப் போகாத கீபோர்டுகள்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் ரேடியோவைப் போட்டுவிடுவது என் வழக்கம். ஃபிஜியில் சாவுச் செய்தி ரேடியோவில்தான் வரும். ஹிந்தியில் வாசிப்பார்கள். இன்னாருடைய தாயார், பிள்ளைகள் இன்ன நாட்டில், தகனம் இன்ன இடத்தில் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அன்று பிளாஸ்டிக் வாளிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தேன். “பிரிஸ்பேனில் இருக்கும் ரவினேஷ், ஆக்லாந்தில் இருக்கும் சுனிதா ஆகியோரின் தாயார், நசினுவைச் சேர்ந்த அங்கம்மா, தவுவாவில் தம்பி வீட்டில் காலமானார்” என்று அந்தப் பெண் வாசித்தாள். ஊரே அக்கா என்று கூப்பிடும் அங்கம்மா, தீமிதிக்காகத் தவுவாவுக்குப் போனவர். முந்தின வாரம்தான் என்னோடு சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். அந்த அறிவிப்பில் பிரிஸ்பேன் இருந்தது, ஆக்லாந்து இருந்தது, அக்கா இல்லை. வெளிநாடு போனவர்களைப் பெற்றவர் என்பது மட்டும்தானா அவர்? அதனால்தான் எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து எனக்குத் தொழில் அல்ல. சரக்கு வாங்கி விற்கிறவன். சங்கப் பள்ளியில் படித்த தமிழும், சென்னை மொத்த வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பழகிய தமிழும்தான் கையில் இருக்கிறது. அக்காவைப் பற்றிச் சொல்ல அது போதும்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்போது கடல் தாண்டி இருக்கிறீர்கள். உங்களுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். நசினுவில் மினிபஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ரொட்டிக் கடைக்கு மேலே, அக்காவின் தட்டச்சு அறைக்குப் போகும் மரப் படியில் பாஸ்போர்ட் படத்தோடு நீங்கள் வரிசையில் நின்றீர்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு குடிபெயர்வதற்கான மனுக்களை அடித்துக் கொடுப்பதுதான் அவருடைய முக்கிய வேலையாகிவிட்டது. மனு அடித்ததும் நீங்கள் என்னிடம் வருவீர்கள். கட்டில், பிரிட்ஜ், தையல் மிஷின் எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொள்வேன். என் கடை அப்படித்தான் வளர்ந்தது. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. வேறு யாரும் வாங்கத் தயாராக இல்லாதபோது நான் வாங்கினேன்.

அக்கா அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. “நான் ஆளை அனுப்புறேன், நீ ஆளோட கட்டிலை வாங்குறே. இன்னா ஜோடிடா வேலு நாம!” என்பார். “நீங்க மட்டும் இன்னாத்துக்குக்கா போவல?” என்று ஒருமுறை கேட்டேன். “பயமில்லாம இல்லடா. பயத்தைவிட கோவம் அதிகமா இருக்குது. இது எங்க தாத்தா கரும்பு வெட்டின மண்ணு. எவனோ துப்பாக்கியைக் காட்டினா நான் மூட்டை கட்டணுமா?” என்றார். போனவர்களை அவர் ஒருபோதும் திட்டியதில்லை. உங்கள் மனுக்களைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார்.

கீபோர்டு பைத்தியம் அவருக்குப் பிடித்ததும் அந்த முதல் ஆட்சிக் கவிழ்ப்பின்போதுதான். அதுவரை சுவாவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கணினியில் அடிக்கும் வேலை பார்த்தார். முதலாளி கனடாவுக்குக் கிளம்பினார். கடைசி நாளில் ஊழியர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவர் மின்விசிறியை எடுத்தார், இன்னொருவர் சுழல் நாற்காலியை எடுத்தார். அக்கா தன் மேஜையில் இருந்த கீபோர்டை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் நசினுவில் தட்டச்சு அறையைத் தொடங்கினார். அந்தக் காலத்து கீபோர்டை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே இரும்புத் தகடு, ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங், டெலிபோன் ஒயர் போலச் சுருண்ட ஒயர். தூக்கினால் அம்மிக்கல் மாதிரி கனக்கும். அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம், விரலுக்கு ஒரு பதில். “அடிச்சா அடிச்சது தெரியணும்” என்பார் அக்கா. இப்போது வரும் மெலிந்த கீபோர்டுகளுக்கு அவர் வைத்த பெயர் பிஸ்கட். லோன் கேட்கப் பேங்குக்குப் போன இடத்தில் மேனேஜரின் கீபோர்டைத் தட்டிப் பார்த்து, “பிஸ்கட்டை வெச்சிக்கிட்டா இவ்ளோ பெரிய பேங்கு நடத்துறீங்க?” என்று கேட்டுவிட்டு வந்தவர். லோன் கிடைக்கவில்லை.

ஆபீஸ்கள் மூட மூட, ஆட்கள் போகப் போக, அந்தக் கனத்த கீபோர்டுகள் குப்பைக்கு வந்தன. அக்கா தேடிப் பிடித்து வாங்கினார், கெஞ்சியும் வாங்கினார். ஒருவர் கொடுக்கமாட்டேன் என்றபோது வாசலில் உட்கார்ந்துவிட்டார். பல்லி முட்டையிட்ட கீபோர்டு, கரும்புத் தோட்டம் எரிக்கும்போது பறக்கும் கரி படிந்த கீபோர்டு, கடல் காற்றில் துருப்பிடித்த கீபோர்டு, எதுவாயிருந்தாலும் பிரித்துத் துடைத்து மாட்டுவார். எப்போதும் சரியாக வந்துவிடாது. ஒன்றில் இரண்டு பொத்தானை இடம் மாற்றி மாட்டியதில், ஒரு கல்யாணப் பத்திரிகை முழுவதும் தப்பாகப் போய், பெண்ணின் தகப்பன் படியேறி வந்து சத்தம் போட்டான். அக்கா பதிலுக்கு அதைவிடச் சத்தம் போட்டார்.

இரண்டாயிரத்தில் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்தைப் பிடித்தார்களே, அன்று சுவாவில் கடைகளை உடைத்தார்கள். அப்போது எனக்கு அங்கே ஒரு கடை இருந்தது. பழைய கணினி, டி.வி., பாத்திரம் எல்லாம் வைத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடித் தூள்தான் மிச்சம். டி.வி.யைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனார்களாம். கீபோர்டுகளை மட்டும் கனம் தாங்காமல் சாக்கடையில் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். தலையில் கை வைத்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். எப்படியோ ஒரு டாக்சியைப் பிடித்து அக்கா வந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடையில் இறங்கினார்.

“அக்கா, இங்க என் பொழப்பே போச்சு, நீங்க குப்பை பொறுக்குறீங்களா?” என்று கத்தினேன்.

“கத்து. நல்லா கத்து. அப்பால வந்து இந்த மூட்டையைப் புடி.”

பிடித்தேன். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் பிடித்தேன். சோப்புத் தண்ணீரில் அலசி, ரொட்டிக் கடையின் முன்பக்கத் தகரச் சாய்ப்பின்மேல் வெயிலில் காய வைத்தார். காய்ந்ததும் ஒவ்வொன்றாக மாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தார். ஊரடங்கு நேரம். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஜன்னலிலிருந்து மட்டும் டக்டக்கென்று சத்தம். ரோந்து வந்த சிப்பாய் ஒருவர் கீழே நின்று, “என்ன சத்தம் அது? ஊரடங்கு தெரியாதா?” என்று கேட்டார். அக்கா தலையை நீட்டி, “தெரியும். நான் ரோட்டுக்கு வரலியே! கை தானே நடக்குது” என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனார் என்று அக்கா சொன்னார். பக்கத்து அறையில் ஒண்டியிருந்த எனக்குச் சிரிப்பு எதுவும் கேட்கவில்லை. பூட்ஸ் சத்தம் தள்ளிப் போனது மட்டும் கேட்டது. ஆனால் மறுநாள் எதிர் வரிசைத் தையல்காரர் கடையைத் திறந்தார். “மேல சத்தம் கேட்டுது, சரி, ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது” என்றார். அதற்கு மறுநாள் நான் கடன் வாங்கப் போனேன். நசினுவில் இப்போது இருக்கும் கடை அப்படி வந்தது.

மகள் பிரசவத்துக்காக அக்கா ஒருமுறை ஆக்லாந்துக்குப் போனார். இனி வரமாட்டார் என்றே எல்லோரும் சொன்னார்கள். வந்தார். நாடி விமான நிலையத்தில் அவரை அழைக்க நான்தான் போனேன். பெட்டியைத் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. திறந்தால் முழுக்க கீபோர்டு. அங்கே வேண்டாத சாமானைத் தெருவோரம் வைத்துவிடுவார்களாம். எடை கூடிவிட்டது என்றதும் சேலைகளையும் கம்பளியையும் மகள் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

“இங்கேர்ந்து எல்லாரும் அங்க தூக்கிக்கிட்டுப் போறாங்க. நான் அங்கேர்ந்து இங்க தூக்கியாந்தேன். கணக்கு ஒரு பக்கமாவே போனா எப்படிடா?” என்றார்.

போன வருஷம்தான் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. இந்தப் பழைய கீபோர்டுகளுக்கு வெளிநாட்டில் இப்போது ரசிகர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சேகரிப்பவர் ஒருவர் ரவினேஷ் மூலம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டார். நல்ல விலை. விற்றுவிடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். வியாபாரி வேறு என்ன சொல்வான்?

“ஆளுங்களுக்கு விசா குடுத்தாங்க, போனாங்க. இதுங்களுக்கு விசா கெடையாது” என்று முடித்துவிட்டார் அக்கா. பிறகு, “நான் செத்தா ரவினேஷ் வித்துடுவான், இல்ல?” என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. விற்றுவிடுவான் என்றேன். “அப்போ வண்டியை எடு” என்றார்.

அன்றிலிருந்து என் வேன் அவருடைய வேன் ஆனது. மினிபஸ் ஆபீஸ், கோயில் ஆபீஸ், டயர் கடை, கீழே இருக்கும் ரொட்டிக் கடை என்று ஒவ்வொரு இடமாகப் போய், அங்கே இருந்த பிஸ்கட்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். பழைய பிளக் புதுக் கணினியில் சேராது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதை என் கண்டெய்னரில் சீனாவிலிருந்து வரவழைக்க வைத்தார். அடுத்த தீவில், லம்பாசாவில், நசியா பக்கம் ஒரு மருந்துக் கடைக்குக் கப்பலில் ஒன்று போனது. நிபந்தனை ஒன்றுதான். தினமும் அடிக்க வேண்டும். உறை போட்டு மூடி வைத்தால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டினார். தீமிதிக்குப் போகும்போது, மிச்சமிருந்த ஒன்றைத் தவுவாவில் கரும்பு விவசாயிகளின் ஆபீசுக்குக் கொண்டு போகிறேன் என்றபோதுதான் சண்டை. பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், நானே கொண்டு விடுகிறேன் என்றேன். “நீ டீசல் போட்டா ஒரு மாசம் சொல்லிக் காட்டுவே” என்று சொல்லி பஸ் ஏறினார். கொண்டு போய் மாட்டியும் விட்டார். அதற்கு மறுநாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் ரவினேஷ் என்னிடம் வந்தான். நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்லமாட்டேன். தமிழ் வராது, ஹிந்தியில் பேசினான். “அங்கிள், அம்மா அறையில் ஒன்றுமே இல்லை. வாங்குபவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். எல்லாம் எங்கே?”

மறைக்க எதுவும் இல்லை, வண்டியில் ஏறு என்றேன்.

மினிபஸ் ஆபீசில் லிட்டியா நேர அட்டவணை அடித்துக்கொண்டிருந்தாள். ஃபிஜியப் பெண், நம் ஹிந்தியை நம்மைவிட நன்றாகப் பேசுவாள். ரவினேஷ் விஷயத்தைச் சொன்னான். அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. “உங்க அம்மா குடுத்தாங்க. உங்க அம்மா வந்து கேட்டா குடுக்கிறேன்” என்றாள். வரிசையில் நின்ற டிரைவர்கள் ஓவென்று சிரித்தார்கள். டயர் கடையில் பொத்தான் எல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. “எடுத்துக்கோ பாயி, கழுவறதுக்கு சோப்பு நீயே வாங்கிக்கோ” என்று கடைக்காரன் சொல்லிவிட்டு, எடுக்க விடாமல் அதிலேயே பில் அடிக்க ஆரம்பித்தான். கோயில் கணக்குப்பிள்ளை கீபோர்டை நெஞ்சுப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

வண்டியில் திரும்பும்போது ரவினேஷ், “எல்லாருக்கும் பைத்தியமா அங்கிள்?” என்று கேட்டான்.

“ஆமா. உங்க அம்மா தேடித் தேடிப் பிடிச்ச பைத்தியங்க” என்றேன்.

சட்டப்படி அவன் உரிமை கேட்டிருக்கலாம். கோபமும் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் உபயோகத்தில் இருக்கிற ஒன்றைப் பிடுங்க ஒரு கை வேண்டும். அக்காவின் மகனுக்கு அந்தக் கை இல்லை. வெறும் பெட்டியோடு விமானம் ஏறினான். வாங்குபவருக்கு நானே பதில் அடித்தேன். சரக்கு வேலையில் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை என்று.

இப்போது உங்களில் சிலர் எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். பாவம், கடைசிவரை தனியாக இருந்துவிட்டார் என்கிறீர்கள். ஞாபகத்துக்கு ஒரு கீபோர்டு அனுப்ப முடியுமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில். அவர் தனியாக இல்லை, நாங்கள் இருந்தோம். கீபோர்டு வராது. டிக்கெட் எடுத்து வாருங்கள். லிட்டியா நகர்ந்து இடம் கொடுப்பாள், உட்கார்ந்து உங்கள் பெயரை அடித்துப் பாருங்கள். டீ என் செலவு.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். என் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மாட்டிவிட்ட கீபோர்டு இருக்கிறது. எனக்கு ஒரு விரலில்தான் அடிக்க வரும். ரவினேஷ் போகும் முன் அதையும் காட்டி என்ன விலை என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு சாமானுக்கு விலை சொல்லத் தெரியாமல் நான் நின்றது அன்றுதான். வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். புது ஃபோன் விற்கும் கம்பெனி ஆள் சத்தமே இல்லாத கீபோர்டு ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்று வாரம் ஒருமுறை வந்து நிற்கிறான். “அண்ணே, கடை பூரா இரைச்சலா இருக்கே” என்கிறான். அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த பில்லை இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிக்கிறேன்.