பழுப்புச் சிப்பாய்களைப் பற்றிய விசாரணை

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இருபது வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்தவனுக்கு அது தொழில் வியாதி. டில்லிப் பழக்காரன் தானாகவே ‘ஏக்தம் மீட்டா ஹை, பாபுஜி’, ரொம்ப இனிப்பு என்று சொன்னால், எந்தப் பழம் அழுகியிருக்கிறது என்றுதான் என் கை தடவிப் பார்க்கும். அந்தப் புத்தி ஒரு நல்ல மனுஷர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் டில்லியில் லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். ராணுவத் தளவாடம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. தரியாகஞ்ச் நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சீருடைப் படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில்தான் சிப்பாய்ப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற பைத்தியம் பிடித்தது. நெப்போலியனை எதிர்த்துச் சண்டை போட்ட போர்ச்சுகல் படையில் ‘கசதோர்கள்’ என்று ஒரு பிரிவு இருந்தது. வேட்டைக்காரர்கள் என்று அர்த்தம். வேகமாக ஓடி, மறைந்திருந்து சுடுகிற இலகு காலாட்படை. மற்றவர்களெல்லாம் சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு நிற்க, இவர்கள் மட்டும் காய்ந்த புல்லோடு புல்லாகப் பழுப்புச் சட்டையில் இருந்தார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அங்கே லிஸ்பனில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நான் எழுதிக் கேட்டால், அந்தச் சிப்பாய்களின் ஈயப் பொம்மைகளைப் பஞ்சில் சுற்றி அனுப்புவார். ஒவ்வொன்றும் கட்டைவிரலின் மேல் கணு உயரம். கூடவே கடிதம் வரும்: எந்தப் பட்டாலியனுக்குக் காலர் என்ன நிறம், மணிக்கட்டுப் பட்டை என்ன நிறம், பின்னால் எப்போது கறுப்பு வந்தது என்று. பொம்மையை காமிரா ரோல் டப்பாவின் மூடியில் ஒட்டி, டப்பாவைப் பிடித்துக்கொண்டு, நாலு மயிர் மட்டும் விட்ட தூரிகையால் வண்ணம் தீட்டுவேன். அந்தப் பழுப்புதான் என்னைப் படுத்திய பாடு! மஞ்சள் ஒரு துளி கூடினால் காக்கி ஆகிவிடும், சிவப்பு கூடினால் செங்கல். மூன்று மாசம் கழித்துத்தான் சரியான பழுப்பு கைக்கு வந்தது.

குளிர்காலத்து ஞாயிறுகளில் மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து தீட்டுவேன். மேல்வீட்டுக்காரரும் வருவார். வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே ஒரு அலுவலகத்தில் காவல் பிரிவில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை சார் என்றும் நீ என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பொம்மையைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார். “துப்பாக்கி வாரு தோள்ல ஏறி நிக்குது சார். இப்டி நின்னா அவன் சுபேதார் கன்னத்துலயே குடுப்பான்” என்பார். அவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதர் அவர்.

அப்படி மூன்று வருஷம் ஓடியபின், எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. வரவில்லை. பதிலுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ‘அந்நிய நாட்டுக் காலாட்படை விவரங்கள் குறித்து வெளிநாட்டவர் ஒருவருடன் தாங்கள் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. விசாரணை முடியும்வரை பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படுகிறது.’ படித்ததும் வேலையே போய்விடுமோ என்று பயந்தேன். ராணுவ ரகசியம் விற்றவன் என்று பெயர் வந்தால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?

பயம் கொஞ்சம் தெளிந்ததும் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எவனோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். யார்? கடிதங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர், என் மனைவியும் அண்ணாச்சியும். மனைவிக்கு அந்தப் பொம்மைகள் மேல் ஆத்திரம் உண்டுதான், ஆனால் மொட்டைக் கடிதம் எழுதுகிற பொறுமை கிடையாது. எது சொல்வதானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. மகளுக்கு ஸ்டாம்ப் வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு உறையைக் கடிதத்தோடு வாங்கிப் போய்ப் பத்து நாள் கழித்துத்தான் கொடுத்தார். ‘அந்த ஆளு பட்டாளத்துல இருந்தவனா?’ என்று ஒருமுறை கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, குறிப்பாணை வந்த வாரத்திலிருந்து ஆளே மாறிப்போனார். மாடிக்கு வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. விசாரணை என்று நான் பேச்செடுத்தால் துணி காய்ந்துவிட்டதா என்று கொடிப்பக்கம் போய்விடுவார். சரிதான், ஆள் அகப்பட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆளே இல்லை, வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றாள். நான் கேட்டால்தானே.

மறுநாள் காலையில் மாடிப்படியில் அவரை மறித்தேன். பக்கத்தில் அவர் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

“மொட்டைக் கடுதாசி எழுதுதது எத்தனை நாளா நடக்கு அண்ணாச்சி? எம்பக்கத்துல உக்காந்து காலர் பார்த்தது இதுக்குத்தானா?”

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. மகளின் தோளில் கைவைத்து மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பார்த்தாயா, பதில் சொல்ல வாய் வரவில்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து விசாரணை அதிகாரி கூப்பிட்டார். பஞ்சாபிக்காரர், வயதானவர். பொம்மைகளையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். மிட்டாய் டப்பாவில் ஆறு சிப்பாய்களை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த வருஷத்துப் படை என்று கேட்டார். கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முந்தியது என்றேன். பொம்மையை மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?” என்று இந்தியில் கேட்டார். கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

முதல் தாளில் என் கையெழுத்து.

லிஸ்பனிலிருந்து முதல் கடிதம் வந்தபோது, வெளிநாட்டவர் தொடர்பைத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்குப் பயந்து நானே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொருள்: போர்ச்சுகல் இலகு காலாட்படை பற்றிய விவரங்கள் பெறுதல். தகவலுக்காகவும் தேவையான நடவடிக்கைக்காகவும். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. நெப்போலியன் பெயர் இல்லை, பொம்மை என்ற சொல் இல்லை. சுத்தமான அலுவலக நடை. அது மேஜை மேஜையாக ஏறிப் போய், யாரோ ஒருவர் தேவையான நடவடிக்கையை எடுத்துவிட்டார். எனக்கு அது அடியோடு மறந்திருந்தது.

கடைசியில் இரண்டு சாட்சி வாக்குமூலங்கள் இருந்தன. இரண்டும் அண்ணாச்சி கொடுத்தவை. முதலாவது, குறிப்பாணை வந்த வாரம். விசாரணை பற்றி என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். இரண்டாவது, மாடிப்படியில் நான் அவரை மறித்ததற்கு எட்டு நாள் கழித்து. அதில் எழுதியிருந்தார்: ‘ஒரு காலரின் நிறம் தவறிவிட்டால் மூன்று நாள் சாப்பாடு இறங்காத மனிதர் இவர். நாட்டுக்குத் துரோகம் செய்ய இவருக்கு நேரமும் இல்லை, குணமும் இல்லை. ஏற்கெனவே சொன்னதில் மாற்றம் எதுவும் இல்லை.’

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். என் மேலதான் தப்பு அண்ணாச்சி என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை.

“கேள்வி கேக்க வந்தவன்கூட என்னை நம்புனான் சார்,” என்றார். “நீ நம்பல.”

பதவி உயர்வு வந்தது. இன்னும் ஆறு வருஷம் அதே கட்டடத்தில்தான் இருந்தோம். காலையில் பால் பூத் வரிசையில் தினமும் பார்ப்போம். முன்னால் நிற்கிற நம் ஊர்க்காரர்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் கைகூப்பி, “நமஸ்தே ஜி, சப் டீக் ஹை?” என்று இந்தியில் நலம் விசாரிப்பார். அந்த ஆறு வருஷமும் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை.